எக்ஸ்ரே கதிருக்கும் ஒரு 'பில்டர்' உண்டு

கொல்கத்தாவில் வேலை பார்க்கும் நம்மவர்களில் எக்ஸ்ரே அறைக்குள் ஒரு தடவையாவது போய் வராதவர்கள் சிலரே இருப்பார்கள். உத்தியோகத்தில் சேர வைத்தியச் சான்றிதழ் வேண்டுமென்றால் மார்புப் படம். மழை நாளில் டிராம் படியில் வழுக்கினால் கணுக்கால் படம். இருமல் மூன்று வாரம் விடாமல் நீடித்தால் மறுபடியும் மார்புப் படம். சட்டையைக் கழற்றிவிட்டு, சில்லென்றிருக்கும் பலகையில் மார்பை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தடுப்புக்குப் பின்னாலிருந்து "நிஷ்ஷாஷ் பொந்தோ கொருன்" என்று ஒரு குரல் வரும். வங்காளி பேசத் தெரியாதவரும் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக் கொள்வார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வெளியே வந்து சட்டைப் பொத்தானைப் போடும்போதுதான் கவலை பிறக்கிறது. இந்தக் கதிர் உடம்புக்கு ஆகாது என்கிறார்களே, போன வருஷம் ஒன்று, இந்த வருஷம் இரண்டு என்று எடுத்தாயிற்றே என்று மனம் கணக்குப் போடுகிறது. வீட்டில் இருப்பவர்கள் அதை இன்னும் பெருக்கி விடுகிறார்கள்.

பொதுவான பதில் சுருக்கமானது. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் இயந்திரத்தில் ஒரு மார்புப் படத்தால் உடம்புக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் மனிதனுக்கு இயற்கையாகவே கிடைப்பது ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். ஆக ஒரு மார்புப் படம் என்பது ஏறக்குறைய மூன்று நாள் இயற்கைக் கணக்கு. இடுப்பு, முதுகெலும்புப் படங்களுக்கு இதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆனால் 'ஒழுங்காகப் பராமரிக்கப்படும் இயந்திரம்' என்ற சொற்களுக்குள்தான் விஷயமே இருக்கிறது. அந்த ஒழுங்கில் ஒரு பெரும் பங்கு, நோயாளி கண்ணால் காணாத ஒரு சிறு அலுமினியத் தகட்டைச் சேர்ந்தது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம்கூட அதற்கு இல்லை. எக்ஸ்ரே குழாயின் வாயில் அது உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பெயரும் பில்டர்தான்.

குழாயில் பிறப்பது கலப்படம்

எக்ஸ்ரே குழாய் என்பது காற்று நீக்கிய ஒரு கண்ணாடிக் குடுவை. ஒரு முனையில் மின்சார பல்பில் இருப்பது போன்ற டங்ஸ்டன் இழை. அது பழுக்கச் சூடேறும்போது எலக்ட்ரான்கள் வெளிவருகின்றன. 80,000 வோல்ட், 1,00,000 வோல்ட் என்று மின்னழுத்தம் கொடுத்து அவற்றை எதிர் முனையிலுள்ள டங்ஸ்டன் இலக்கின்மீது மோத விடுகிறார்கள். மோதலின் சக்தியில் 100க்கு 99 பங்கு வெறும் உஷ்ணமாகப் போய்விடுகிறது. மீதியுள்ள ஒரு பங்குதான் எக்ஸ்ரே.

அந்த ஒரு பங்கும் ஒரே சீரானதல்ல. இயந்திரத்தில் 80 கிலோவோல்ட் என்று வைத்தால் வெளிவரும் கதிர்கள் எல்லாம் 80 அளவு சக்தியுள்ளவை என்று நினைத்துவிடக் கூடாது. 80 என்பது உச்சவரம்பு. அதற்குக் கீழே 60, 40, 20, 10 என்று எல்லா அளவிலும் கதிர்கள் கலந்து வரும். சென்னை மெயில் ஹௌராவில் வந்து நின்றதும் இறங்குகிற கூட்டத்தைப் போல. டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்துவிடக் கூடியவரும் அதில் உண்டு. பத்தடி நடந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறவரும் உண்டு.

படம் எடுக்க உதவுவது, உடம்பைக் கடந்து மறுபக்கம் போய் பிலிமையோ, இப்போது வந்திருக்கும் டிஜிட்டல் பலகையையோ தொடக்கூடிய கதிர் மட்டுமே. உடம்பின் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் தண்ணீரை வைத்தே கணக்குப் பார்க்கலாம். 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள தண்ணீரை, 60 அளவு சக்தி கொண்ட கதிர்களில் 100க்கு ஒன்றரை அல்லது இரண்டு நேராகக் கடந்து போகும். 20 அளவு சக்தியுள்ள மென்கதிரானால் ஒரு கோடியில் ஒன்று கடந்தால் அதிகம். மீதி அத்தனையும் எங்கே போகிறது? தோலிலும் அதன் அடியிலுள்ள சதையிலும் தங்கிவிடுகிறது. படத்துக்கு ஒரு கோடு, ஒரு புள்ளிகூட அது தருவதில்லை. சுமை மட்டும் நோயாளிக்கு.

இந்தப் பயனற்ற கூட்டத்தை உடம்பைத் தொடுவதற்கு முன்பே நிறுத்திவிட்டால் என்ன என்பதுதான் பில்டரின் யோசனை.

அலுமினியம் செய்யும் வேலை

லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடி வாங்கி வந்து பித்தளை பில்டரில் டிக்காஷன் இறக்குகிறவர்களுக்கு வடிகட்டுதலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். காப்பி பில்டரில் துளை இருக்கிறது. துளையைவிடப் பெரியது மேலே நிற்கும், சிறியது கீழே இறங்கும். அலுமினியத் தகட்டில் துளை எதுவும் கிடையாது. சக்தி குறைந்த கதிரை அதன் அணுக்கள் எளிதில் விழுங்கிவிடுகின்றன. சக்தி கூடக் கூட விழுங்கும் திறன் வேகமாகக் குறைகிறது. சக்தி இரண்டு மடங்கானால் விழுங்குவது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக விழுந்துவிடுகிறது.

இரண்டரை மில்லிமீட்டர் அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். 10 அளவு சக்தியுள்ள கதிர் அதைக் கடப்பதில்லை என்றே சொல்லிவிடலாம். 20 அளவில் 100க்கு 10 தப்பிப் போகும். 30 அளவில் 47. ஆனால் 60 அளவுள்ள கதிரில் 83 பங்கு சேதமின்றி வெளியே வந்துவிடும். வேண்டாததில் பெரும்பகுதி போயிற்று. வேண்டியதில் கொஞ்சம்தான் நஷ்டம். வடிந்து வரும் கதிர்க்கற்றையின் சராசரி சக்தி முன்னைவிட உயர்ந்திருக்கும். கதிர் 'வன்மை' பெற்றுவிட்டது என்று எக்ஸ்ரே துறையில் சொல்வார்கள்.

வேறு உலோகம் கூடாதா? ஈயம் வைத்தால் நல்லதும் கெட்டதும் சேர்ந்து நின்றுவிடும். செம்பு வைக்கலாம், வைக்கவும் செய்கிறார்கள். ஆனால் எக்ஸ்ரே பட்டதும் செம்பு தானே ஒரு மென்கதிரை உமிழும். ஆகவே செம்புத் தகட்டுக்குக் கீழே, நோயாளியின் பக்கமாக, அலுமினியத் தகடு ஒன்றையும் சேர்த்து வைத்து அதை அடக்க வேண்டும். அலுமினியமும் தன் பங்குக்கு ஒரு கதிரை உமிழத்தான் செய்கிறது. அது மிக நோஞ்சான், இடையிலுள்ள காற்றிலேயே அழிந்துவிடும். விலை மலிவு, துருப்பிடிக்காது, வெட்டுவது சுலபம். பாத்திரக் கடையில் எடை போட்டு விற்கும் அதே உலோகம்தான், சுத்தமான தரத்தில்.

தகடு வைப்பதற்கு முன்பே கொஞ்சம் வடிகட்டல் இயற்கையாக நடந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குழாயின் கண்ணாடி, அதைச் சுற்றியுள்ள எண்ணெய், வெளிச்சச் சதுரத்தை உடம்பின்மேல் காட்டுவதற்காக வைத்த கண்ணாடி ஆகியவையும் மென்கதிரைக் கொஞ்சம் தின்கின்றன. இவற்றுக்குச் சமமான அலுமினியக் கனத்தையும், தனியாக வைத்த தகட்டின் கனத்தையும் கூட்டி 'மொத்த வடிகட்டல்' என்று கணக்கிடுகிறார்கள்.

அப்படியானால் தகட்டை இன்னும் கனமாக வைத்துவிட்டால் நோயாளிக்கு இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு மேல் அது நல்லதல்ல. எலும்புக்கும் சதைக்கும் படத்தில் தெரிகிற கறுப்பு வெள்ளை வேறுபாடு மங்கிவிடும். குறைந்த கதிரை ஈடுசெய்யக் குழாயை அதிக நேரம் எரிய விட வேண்டும். அதற்குள் நோயாளி அசைந்தால் படம் கலங்கும். கலங்கினால் மறுபடியும் ஒரு படம். மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த இரண்டாவது படத்தில் போய்விடும்.

போஸும் நீல்ரத்தன் சர்க்காரும்

ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டது 1895 நவம்பர் 8ந் தேதி. அது கல்கத்தாவுக்கு வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. காலேஜ் ஸ்ட்ரீட்டில் பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஜகதீச சந்திர போஸ் தாமே ஒரு எக்ஸ்ரே கருவியை அமைத்துக்கொண்டார். 1899ல் ரவீந்திரநாத் தாகூருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றில் இந்த 'ரான்ட்ஜன் இயந்திரம்' பற்றிய பேச்சு வருகிறது. முதுகெலும்பு முறிந்த ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டியிருக்கிறது, டாக்டர் நீல்ரத்தன் சர்க்காரின் வேண்டுகோளைத் தட்ட முடியவில்லை என்று அதில் தெரிவிக்கிறார். சியால்டாவில் என்.ஆர்.எஸ். ஆஸ்பத்திரி என்று தினமும் பஸ் கண்டக்டர் கூவும் பெயர் அந்த டாக்டருடையதுதான்.

அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் கதிரின் முன்னால் இருக்க வேண்டியிருந்தது. கெடுதல் இருக்கும் என்ற எண்ணமே ஆரம்பத்தில் பலருக்கு இல்லை. அமெரிக்காவில் 1896ல் ஒருவரின் தலையைப் படம் எடுக்க ஒரு மணி நேரம் கதிர் காட்டினார்கள்; மூன்று வாரத்தில் கதிர் பட்ட இடத்தில் மயிர் உதிர்ந்துவிட்டது. எடிசனிடம் எக்ஸ்ரே குழாய் வேலை செய்துவந்த உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கைகளை இழந்து, 1904ல் உயிரையும் இழந்தார். டாலிக்கு நேர்ந்த கதியைக் கண்டு எடிசன் எக்ஸ்ரே வேலையையே விட்டுவிட்டார்.

பில்டர் யோசனை ஒரு பல் டாக்டரிடமிருந்து வந்தது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பாஸ்டன் நகரத்து வில்லியம் ரோலின்ஸ் என்பவர், குழாயின் வாயில் ஓட்டையிட்ட ஈயத் தகட்டை வைத்துக் கதிரைக் குறுக்கவும், தோலையோ அலுமினியத்தையோ இடையில் வைத்து வடிகட்டவும் வழி காட்டினார். தோல் என்றால் செருப்புத் தைக்கிற பதனிட்ட தோல்தான். மனிதத் தோல் எந்தக் கதிரை விழுங்குகிறதோ, அதை முன்கூட்டியே மாட்டுத் தோல் விழுங்கட்டும் என்ற எண்ணம்! எளிமையான யோசனைதான், ஆனால் அவர் எச்சரித்த நாளில் கேட்டவர்கள் குறைவு.

பில்டர் என்ற சொல்லுக்கும் இந்த நகரத்துக்கும் இன்னொரு உறவு உண்டு. தமிழர்கள் அதை விட்டுவிட்டுப் போக முடியாது. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1907ல் கல்கத்தாவுக்கு வந்தது விஞ்ஞானியாக அல்ல, நிதி இலாகாவின் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக. ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு 210ம் எண்ணிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்வார். 1928 பிப்ரவரியில் அவரும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் ராமன் விளைவைக் கண்டது இரண்டு பில்டர்களின் உதவியால்தான். ஊதா நிறத்தை மட்டும் விடும் பில்டர் வழியாகச் சூரிய ஒளியைத் திரவத்துக்குள் செலுத்தி, அந்த ஊதாவை முழுக்கத் தடுக்கும் இன்னொரு பில்டர் வழியாகப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியக்கூடாத இடத்தில் மங்கலாக ஒரு ஒளி தெரிந்தது. இரண்டாவது பில்டரைத் தாண்டி வந்தது வேறு நிற ஒளியாகத்தானே இருக்க முடியும்? 1923ல் எக்ஸ்ரேயைக் கொண்டு காம்ப்டன் கண்ட விளைவுக்கு ஒளியிலும் ஒரு ஜோடி இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தேடலுக்குத் தூண்டுதலாக இருந்தது. எதைத் தடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று தெரிந்து வைக்கிற தகட்டுக்கு அவ்வளவு மதிப்பு.

படத்தில் தெரியாத குறை

எக்ஸ்ரே பில்டருக்குத் திரும்பலாம். அதன் பயனை எண்ணிக்கையில் காட்டிய ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவில் 1952ல் வெளிவந்தது. இடுப்புப் படத்துக்கு ஈடாக, 18 சென்டிமீட்டர் கனமுள்ள பொம்மை உடலை 60 கிலோவோல்ட்டில் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பிலிமின் கறுப்பு ஒரே அளவாக வரும்படி பார்த்துக்கொண்டார்கள். பில்டர் இல்லாதபோது தோலின்மீது பட்டது 2,380 மில்லிரான்ட்ஜன். அரை மில்லிமீட்டர் அலுமினியம் வைத்தபோது 1,850. ஒரு மில்லிமீட்டர் வைத்தபோது 1,270. மூன்று மில்லிமீட்டர் வைத்தபோது 465. அதாவது ஐந்தில் நான்கு பங்கு மிச்சம்!

இந்தக் கணக்கை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும். தகடு இல்லாத இயந்திரம் நோயாளியின் தோலுக்கு ஐந்து மடங்கு கதிரைக் கொடுத்துவிட்டு, பார்வைக்கு ஏறக்குறைய அதே படத்தைக் கொடுக்கும். குழாயில் குறை இருந்தால் படம் மங்கும். நோயாளி அசைந்தால் படம் கலங்கும். டாக்டர் உடனே திருப்பி அனுப்புவார். பில்டர் இல்லாவிட்டால் யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். நோயாளிக்கு வலிக்காது, டெக்னீஷியனுக்குத் தெரியாது, படத்தில் தடயம் இருக்காது. பழைய இயந்திரம் ஒன்றைக் கைமாற்றி வாங்கி வந்து பூட்டும்போதோ, குழாய் மாற்றும்போதோ, ரிப்பேர்க்காரர் திருகைக் கழற்றித் தகட்டை மேஜைமீது வைத்துவிட்டு மறந்து போனால், அது மாதக்கணக்கில் மேஜையிலேயே கிடக்கக் கூடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி அளந்து பார்ப்பதுதான். இயந்திரத்தைத் திறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. குழாய்க்கு நேர் கீழே ஒரு கதிர்வீச்சு மீட்டரை வைத்து அளவு எடுப்பார்கள். பிறகு மெல்லிய அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாக இடையில் சேர்த்துக்கொண்டே போவார்கள். 100 என்று காட்டிய மீட்டர் எந்தக் கனத்தில் 50க்கு இறங்குகிறதோ அதுதான் 'பாதி மதிப்புக் கனம்'. கதிரில் மென்மையானது நிறையக் கலந்திருந்தால் கொஞ்சம் தகட்டிலேயே பாதியாகிவிடும். நன்கு வடிந்த கதிரானால் கூடுதல் தகடு வேண்டும். 80 கிலோவோல்ட்டில் இது 2.3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று அமெரிக்க விதி நெடுங்காலம் இருந்தது. 2006 ஜூனுக்குப் பிறகு தயாரான இயந்திரங்களுக்கு 2.9 என்று உயர்த்தினார்கள்.

நம் நாட்டில் இந்த விஷயங்களைக் கவனிப்பது 1983ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 70 கிலோவோல்ட் வரை இயங்கும் குழாய்க்கு மொத்த வடிகட்டல் 1.5 மில்லிமீட்டர் அலுமினியத்துக்குக் குறையக் கூடாது. 70 முதல் 100 வரை 2 மில்லிமீட்டர். அதற்கு மேல் 2.5 மில்லிமீட்டர் என்பது அதன் மருத்துவ எக்ஸ்ரே நெறிமுறை. தெருமுனை கிளினிக்கானாலும் பெரிய ஆஸ்பத்திரியானாலும் வாரியத்தின் லைசென்ஸ் இல்லாமல் எக்ஸ்ரே இயந்திரத்தை ஓட்டக் கூடாது. தரப் பரிசோதனையும் அவ்வப்போது செய்து பதிவு வைத்திருக்க வேண்டும்.

குழந்தைக்கு வேறு, மார்பகத்துக்கு வேறு

எல்லாருக்கும் ஒரே பில்டர் என்பதும் கிடையாது. குழந்தையின் உடம்பு மெலிசு. வளரும் திசுக்களுக்குக் கதிர் ஆகாது. இன்னும் நெடுநாள் வாழ வேண்டிய உயிர். ஆகவே வழக்கமான அலுமினியத்தோடு ஒரு மில்லிமீட்டர் அலுமினியமும், 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் செம்பும் கூடுதலாகச் சேர்க்கும்படி ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. புதிய இயந்திரங்களில் ஒரு பொத்தானை அமுக்கினால் தகடு மாறிக்கொள்ளும்.

பெண்களின் மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே காண எடுக்கும் படத்தில் கதை தலைகீழ். அங்கே எலும்பே இல்லை; மென்மையான திசுவுக்குள் இன்னொரு மென்மையான திசுவைப் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்கு 20 அளவுக்குச் சற்றுக் கீழுள்ள மென்கதிரே தேவை. இலக்கு மாலிப்டினம், பில்டரும் மாலிப்டினம், கனம் 0.03 மில்லிமீட்டர் என்று ஏற்பாடு செய்தார்கள். மிக மென்மையானதையும், 20க்கு மேற்பட்ட வன்மையானதையும் அது தடுத்து, நடுவிலுள்ளதை மட்டும் விடும்.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் சட்டையில் குத்திக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு பட்டையைப் பலர் பார்த்திருக்கலாம். அதற்குள்ளும் பில்டர் இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் முறைப்படி செய்த பட்டையில் மூன்று சிறு வில்லைகள். ஒன்றின்மேல் செம்பும் அலுமினியமும் கொண்ட மூடி, ஒன்றின்மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. மூன்றும் பதிவு செய்த அளவுகளை ஒப்பிட்டால், அந்தத் தொழிலாளியின்மேல் பட்டது மென்கதிரா, வன்கதிரா, எவ்வளவு என்பது தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பட்டையைக் கழற்றி அனுப்பிக் கணக்கெடுக்கிறார்கள்.

நோயாளியின் சட்டையில் அப்படி ஒரு பட்டை கிடையாது. டாக்டர் வேண்டுமென்று எழுதிய படத்தை எடுக்கப் பயப்பட வேண்டாம். அதனால் கிடைக்கும் நன்மை பெரிது. பழைய பிலிமைக் கட்டிலுக்கடியில் போடாமல் பத்திரமாக வைத்திருந்து டாக்டரிடம் காட்டினால், சில சமயம் புதுப் படமே தேவைப்படாமல் போகலாம். கர்ப்பமாயிருக்கும் பெண்கள் அறைக்குள் போகுமுன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். கிளினிக்கில் பணம் கட்டும்போது, வாரியத்தின் லைசென்ஸ் இருக்கிறதா, தரப் பரிசோதனை எப்போது நடந்தது என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமை உண்டு. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்த தெருவுக்குப் போகலாம். வாரியத்தின் கிழக்குப் பிராந்திய அலுவலகம் கொல்கத்தாவிலேயே இருக்கிறது.